சிறைச் சுகாதார நிருவாகிகளின் பயிற்சிக்கு மானியம்: யாரிடம் கேட்பது, எதற்காகக் கேட்பது?

2025 மார்ச் 2

கிழக்கிலங்கையின் ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை அப்படியே தருகிறேன். "ஐயா, என்னுடைய அக்கா தாதிய உத்தியோகத்தர். சிறைச்சாலை ஒன்றின் சிகிச்சைப் பிரிவில் மருந்து இருப்பு, பதிவேடு, கிளினிக் ஏற்பாடு, வெளி மருத்துவமனைக்கு அனுப்புதல் என்று நிருவாக வேலை முழுவதும் அவர் தலையில்தான். இதற்கென்று அவருக்கு ஒருவரும் பயிற்சி கொடுத்ததில்லை. வெளிநாட்டு மானியம் பெற்று ஏதாவது கற்கைநெறி செய்ய வழி உண்டா? அமெரிக்காவில் சிறைச் சுகாதாரப் பணியாளருக்கென்றே தனிச் சான்றிதழ் இருக்கிறதாம். அதற்கு யாராவது பணம் தருவார்களா?"

பணம் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அக்கா செய்கிற வேலைக்கு விண்ணப்பப் படிவங்களில் கட்டம் இல்லை. மருத்துவர் என்றால் மருத்துவக் கற்கை, சிறை அதிகாரி என்றால் பாதுகாப்பும் புனர்வாழ்வும் என்று இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அன்றாடம் சிகிச்சைப் பிரிவை நடத்துகிறவர் எந்த வாசலால் நுழைவது என்பதுதான் கேள்வி. நான் மருத்துவமனை நிருவாகக் கிளையில் இருந்து ஓய்வுபெற்றவன். சுனாமிக்குப் பின்வந்த ஆண்டுகளில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திட்ட முன்மொழிவு எழுதத் தெரிந்தவனுக்கு ஓய்வே கிடைக்காது. அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைத் துண்டு துண்டாக எழுதுகிறேன்.

2025 மார்ச் 3

முதலில் எல்லோரும் சொல்லும் பெயர்கள். ஐக்கிய நாடுகள் சபையும் யப்பான் அரசாங்கமும் செய்த உடன்படிக்கையின்படி 1962 முதல் டோக்கியோவில் இயங்கும் 'யுனாஃபெய்' நிறுவனம் குற்றவியல் நீதித்துறை அதிகாரிகளுக்குப் பன்னாட்டுப் பயிற்சி நடத்துகிறது; செலவை யப்பான் அரசாங்கத்தின் உதவி நிறுவனமான 'ஜைக்கா' ஏற்கிறது. வெளிநாட்டவருக்கான இந்தியாவின் பயிற்சித் திட்டமான 'ஐடெக்' 1964 இல் தொடங்கியது. பயணச் செலவு, கட்டணம், தங்குமிடம் எல்லாவற்றையும் இந்திய அரசாங்கமே தருகிறது. இரண்டுக்கும் தனியாக விண்ணப்பித்துவிட முடியாது. அமைச்சுதான் ஆளைப் பெயர் குறித்து அனுப்ப வேண்டும். சிறையில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர் சுகாதார அமைச்சின் ஆள், சிறைச்சாலையோ நீதி அமைச்சின் கீழ் இருக்கிறது. சுற்றறிக்கை நீதி அமைச்சு வழியாக வந்தால் அது சிறை அதிகாரிகளின் அறிவித்தற்பலகையோடு நின்றுவிடும். சுகாதார அமைச்சு வழியாக வந்தால் பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடும்.

2025 மார்ச் 6

"அப்படி என்ன பெரிய நிருவாகம்? மருந்தை எடுத்துக் கொடுப்பதுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்காகச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

கிளினிக் நாள் காலையில் சிகிச்சைப் பிரிவின் மேசையில் கொப்பிகள் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக இருக்கும். நீரிழிவு ஒரு கட்டு, இரத்த அழுத்தம் ஒரு கட்டு, வலிப்பு, மனநலம் என்று வேறு கட்டுகள். ஒவ்வொரு கொப்பியிலும் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய மருந்து, அதன் கீழே அடுத்த திகதி. அந்தத் திகதிக்கு அந்த ஆள் போய்ச் சேருவாரா என்பதைத் தீர்மானிப்பது மருத்துவர் அல்லர். அன்றைக்கு எத்தனை வழக்குகள் தவணைக்கு வருகின்றன என்பதே தீர்மானிக்கும். நீதிமன்றத் தவணை தவறக்கூடாது, ஆகவே வாகனமும் காவலர்களும் முதலில் நீதிமன்றத்துக்குத்தான். அது முடிந்து வாகனம் திரும்புவதற்குள் மருத்துவமனையில் கிளினிக் முடிந்திருக்கும். கொப்பிகள் அதே றப்பர் பாண்டோடு அலுமாரிக்குத் திரும்பும். மருத்துவமனைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதப்படும். ஒரு மாதத்துக்குத்தான் மருந்து கொடுக்கிறார்கள் என்பதால், வராதவருக்கு மருந்தும் தீர்ந்திருக்கும்.

நான் அந்த 'வரவில்லை' என்ற பதிவை எழுதும் பக்கத்தில் இருந்தவன். வராதவர் அக்கறையற்றவர் என்றுதான் எங்கள் கிளையில் எல்லோரும் நினைத்தோம். பிறகு சிறைப் பக்கத்திலிருந்த ஒரு தாதிய உத்தியோகத்தர் நீதிமன்ற நாட்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வந்தார். வாரத்தின் எந்த நாளில் வழக்குகள் குறைவு என்று காட்டி, கைதிகளுடைய கிளினிக் திகதிகளை அந்த நாளுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தோம், வருகை சீராகியது. பிறகு அவருக்கு வருடாந்த இடமாற்றம் வந்தது. அடுத்து வந்தவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

இன்னொன்று வெள்ளிக்கிழமைப் பின்னேரம். நீதிமன்றம் ஒருவரை விளக்கமறியலுக்கு அனுப்புகிறது. அவர் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரையும் கொப்பியும் வீட்டில். மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றால் அந்த மூன்று இரவுகளையும் கடப்பதற்கு வேண்டியது மருத்துவ அறிவு மட்டுமல்ல, ஒரு நடைமுறையும் வேண்டும். உள்ளே வருகிறவரிடம் நான்கு கேள்வி கேட்கும் தாள் ஒன்று, வீட்டாருக்குத் தொலைபேசி எடுக்க அனுமதி பெற்ற ஓர் ஆள், மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவோடு முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு. கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் குறைந்தபட்ச நியமங்களான மண்டேலா விதிகளின் 30 ஆம் விதி, சிறைக்கு வருகிற ஒவ்வொருவரையும் மருத்துவரோ தகுதிபெற்ற வேறு சுகாதாரப் பணியாளரோ இயன்றளவு விரைவில் பார்த்துப் பேசிப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அந்தத் தாளைத் தயாரிப்பதற்கு யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

2025 மார்ச் 7

அமெரிக்கச் சான்றிதழ் பற்றி. தம்பி சொன்னது உண்மைதான். சிறைச் சுகாதாரத்துக்கான தேசிய ஆணைக்குழு ஒன்று அங்கே இருக்கிறது. அரச நிறுவனம் அன்று, தொண்டு அமைப்பு. 1970களில் அமெரிக்க மருத்துவச் சங்கம் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது. அதன் 'சிசிஎச்பி' சான்றிதழை மருத்துவரும் தாதியரும் மட்டுமல்ல, நிருவாகிகளும் பெறலாம். ஆனால் பரீட்சை அந்த ஆணைக்குழுவின் நியமங்களை ஒட்டியது. அந்த நியமங்களோ அமெரிக்கச் சட்டத்தின் பின்னணியில் எழுதப்பட்டவை. நம் ஊரில் அந்தச் சான்றிதழுக்குப் பதவியுயர்வுப் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. படிப்பதற்கு நல்லது. அதற்காக மானியம் தேடி அலைவது வீண் என்பது என் கருத்து.

அந்தச் சட்டப் பின்னணி தனிக் கதை. டெக்சாஸ் சிறையில் 1973 இல் வண்டியிலிருந்து பஞ்சுப் பொதி இறக்கும்போது ஒரு பொதி கேம்பிள் என்ற கைதியின் மேல் விழுந்தது. முறையான சிகிச்சை தரவில்லை என்று அவர் கையால் எழுதிய மனு உயர் நீதிமன்றம் வரை போனது. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே புறக்கணிப்பது அரசியலமைப்புக்கு முரணான தண்டனை என்று 1976 இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பால் பிறகு வந்த கைதிகள் எல்லோருக்கும் உரிமை கிடைத்தது. கேம்பிளுக்கு மட்டும் வழக்கு வெல்லவில்லை. சிறைகள் வழக்குக்குப் பயந்துதான் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின என்று நான் நினைக்கிறேன். இங்கே அந்தப் பயம் இல்லை, ஆகவே பணத்துக்கு வேறு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது.

2025 மார்ச் 12

"பயிலரங்கு ஒன்று நடத்தினால் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு: பாசிக்குடாக் கடற்கரை விடுதியில் இரண்டு நாள், பஃபே சாப்பாடு, கழுத்தில் மாட்டும் அட்டை, ஒரு கோப்புறை, கடைசியில் குழுப்படம். சுனாமிக்குப் பிந்திய காலத்தில் எங்கள் பக்கத்தில் இது ஒரு கைத்தொழிலாகவே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் சான்றிதழ் தொங்காத ஆணி ஒன்று கிடைத்தால் நாட்காட்டியை மாட்டலாம் என்று ஒரு முகாமைத்துவ உதவியாளர் சொல்வார். அந்தப் பாதீடுகளை நானும் தட்டச்சு செய்திருக்கிறேன். மண்டபமும் சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்து பெரும்பங்கை விழுங்கிவிடும், வளவாளருக்கு மிச்சம் கிடைக்கும்.

2025 மார்ச் 15

தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார். அக்காவுக்கு மருத்துவமனை வழியாக ஒரு குறுங்காலப் பயிற்சி ஏற்கனவே வந்ததாம், அவர் போகவில்லையாம். காரணம் விடுமுறை கிடைக்கவில்லை. அவர் போனால் சிகிச்சைப் பிரிவில் நிற்பதற்கு ஆள் இல்லை.

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத இடம் இதுதான். பயிற்சிக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் நிதி தருபவர்கள் உண்டு. பயிற்சிக்குப் போகிறவருடைய கதிரையில் அந்த நாட்களில் யார் இருப்பது என்ற செலவுக்கு நிதி தருபவர்களும் குறைவு, கேட்பவர்களும் குறைவு. சமையலறையைப் பூட்டிவிட்டுச் சமையல் வகுப்புக்கு வரச்சொல்வது போன்ற அழைப்பு அது. ஒருவரை மட்டுமே நம்பி ஓடும் பிரிவில், அவர் இல்லாத ஒவ்வொரு நாளும் இன்சுலின் யார் கொடுப்பது, குளிர்சாதனப் பெட்டிச் சாவி யாரிடம், கிளினிக்குக்கு யார் பட்டியல் எழுதுவது என்ற கேள்விகள் வரும். ஆகவே மேலதிகாரி 'இல்லை' என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரைக் குறைகூறிப் பயனில்லை.

எனவே மானியத்துக்கு எழுதும்போது பாதீட்டின் முதல் வரி பதில் ஆளுக்கானதாக இருக்க வேண்டும். பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தரோ மருந்தாளரோ வந்து நிற்பதற்கான மேலதிக நேரக் கொடுப்பனவு, அவருடைய போக்குவரத்து. இதில் ஓர் இலாபமும் உண்டு. பதிலுக்கு வந்து நின்றவர் சிறைக்குள் இருக்கும் சிக்கலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குத் திரும்புகிறார். மறுமுறை சிறையிலிருந்து தொலைபேசி வரும்போது அதை எடுப்பவர் அவராக இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

2025 மார்ச் 16

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிற அரச உத்தியோகத்தர், திரும்பி வந்து சேவையில் இருப்பேன் என்று பிணை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். சரிதான். அந்தப் பிணை அவரை அரச சேவையோடுதான் கட்டுகிறது, சிறைச் சிகிச்சைப் பிரிவோடு கட்டவில்லை. டோக்கியோவிலிருந்து திரும்பி வந்த கையோடு கண்டிக்கு இடமாற்றம் கிடைத்தால் பிணைக்கு ஒரு சேதமும் இல்லை.

2025 மார்ச் 23

"சிறைச் சுகாதாரத்தை முழுவதுமாகச் சுகாதார அமைச்சிடம் கொடுத்துவிட்டால் இந்தக் கரைச்சல் எதுவுமில்லை" என்று கல்முனையிலிருந்து ஓர் அன்பர் அடித்துச் சொல்கிறார். நோர்வே 1988 இலும் பிரான்ஸ் 1994 இலும் அப்படிச் செய்தன, இங்கிலாந்தில் 2006 அளவில் மாற்றம் நிறைவேறியது என்று உதாரணமும் தருகிறார். ஆண்டுகள் சரி. மண்டேலா விதிகளின் 24 ஆம் விதியும் சிறைச் சுகாதாரம் பொதுச் சுகாதார நிருவாகத்தோடு நெருங்கிய தொடர்பில் அமைய வேண்டும் என்றுதான் சொல்கிறது. பயிற்சியும் அப்போது சுகாதாரப் பாதீட்டிலேயே வந்துவிடும் என்பதால் எனக்கும் முதலில் அந்த யோசனை பிடித்திருந்தது.

யோசிக்க யோசிக்க அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் சுகாதாரமே ஒரு கையில் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது, பிரதேச மருத்துவமனைகள் மாகாணத்தின் கீழ். அம்பாறை மாவட்டத்திலோ அம்பாறைக்கு ஒரு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், கல்முனைக்கு இன்னொருவர். கல்முனையில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டக்களப்பில் விளக்கமறியலில் இருக்கும்போது அவருடைய பழைய பதிவை வரவழைப்பதற்கு எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்று அந்த அன்பருக்குத் தெரியாமல் இருக்காது. அமைச்சு மாறினாலும் வாசலில் நிற்கிற காவலர் சிறைத் திணைக்களத்தின் ஆள்தான். மருத்துவத் தீர்மானத்தை மருத்துவப் பணியாளர் அல்லாதவர் மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது 27 ஆம் விதி. ஆனால் காவலுக்கு இன்று ஆள் இல்லை என்று ஜெயிலர் சொன்னால் மருத்துவமனைக்கு அனுப்பும் தீர்மானம் தாளில்தான் இருக்கும். ஆகையால் பயிற்சிக்கு ஜெயிலரும் வந்து அதே மேசையில் உட்கார வேண்டும் என்பது என்னுடைய பிடிவாதம்.

2025 ஏப்ரல் 5

நிதி எங்கிருந்து என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். 2025 ஜனவரி 20 ஆம் திகதி அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்ததிலிருந்து எங்கள் ஊரில் தொண்டு நிறுவன அலுவலகங்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்பது தெரிந்ததே. மேசை கதிரை விற்பனைக்கு என்று விளம்பரம் வருகிறது. ஒரே நாட்டை நம்பி முன்மொழிவு எழுதுகிற காலம் இது இல்லை.

எனக்குச் சாத்தியமாகத் தெரிவது நோயின் பெயரால் வருகிற பணம். 2002 இல் தொடங்கிய உலகளாவிய நிதியம் காசநோய்க்கும் எச்ஐவிக்கும் பணம் தருகிறது. நெரிசலான சிறை காசநோய்க்கு எவ்வளவு வசதியான இடம் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, இலங்கைச் சிறைகள் கொள்ளளவின் இரு மடங்குக்கு மேல் நிரம்பியிருக்கின்றன. காசநோய்ச் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம். மூன்றாம் மாதத்தில் பிணையில் விடுதலையாகிறவர் மிச்ச மாத்திரைக்கு எந்த மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, அங்கேயும் அறிவித்து, போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது முழுக்க நிருவாக வேலை. காசநோய்ப் பதிவேட்டை ஒழுங்காக நடத்தப் பழகியவருக்கு நீரிழிவுப் பதிவேடும் கைவரும். முன்மொழிவின் தலைப்பில் காசநோய் இருக்கட்டும், பாடத்திட்டத்தில் பதிவேடும் பரிந்துரைக் கடிதமும் மருந்து மதிப்பீடும் இருக்கட்டும். இது ஏமாற்று அன்று, காசநோய்க்கு வேண்டியதும் அதுவே.

மருந்து மதிப்பீடு என்று சொன்னதால் ஒரு வார்த்தை. ஓராண்டுக்கு வேண்டிய மருந்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்குச் சென்ற ஆண்டின் கணக்கு ஓரளவு உதவும். சிறையிலோ பொலிசார் ஒரு சுற்றிவளைப்பு நடத்தினால் ஒரே வாரத்தில் ஆட்தொகை ஏறிவிடும், பொதுமன்னிப்பு வந்தால் இறங்கிவிடும். இதைக் கணிக்க யாரும் வகுப்பெடுத்து நான் கேள்விப்படவில்லை.

2025 ஏப்ரல் 6

இலவசமாகவே ஒன்று வேண்டுமென்றால், சிறையில் வேலை செய்யும் மருத்துவர்களுக்காக நோர்வே மருத்துவச் சங்கம் உருவாக்கிய இணையவழிக் கற்கை உலக மருத்துவச் சங்கத்தின் வழியாகக் கிடைக்கிறது. மனித உரிமையும் மருத்துவ அறமும்தான் அதன் பொருள், நிருவாகம் குறைவு. தாதியரும் படிக்கலாம்.

2025 ஏப்ரல் 20

புத்தாண்டு விடுமுறையில் சிலரோடு பேசியபோது மொழிப் பிரச்சினை வந்தது. மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், காவலர் பெரும்பாலும் சிங்களத்தில் வாசிக்கிறார், நோயாளி தமிழில் வலிக்கிறது என்கிறார். கொழும்பில் நடக்கும் பயிற்சிகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். எங்கள் பக்கத்து உத்தியோகத்தர் அங்கே போய்த் தலையாட்டிவிட்டு வருகிறார். ஆகவே பயிற்சி மட்டக்களப்பிலேயே நடக்க வேண்டும், தமிழில் நடக்க வேண்டும், ஜெயிலர்களுக்காகச் சிங்கள மொழிபெயர்ப்பாளரும் பாதீட்டில் இருக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, தாதியக் கல்வியும் அங்கே நடக்கிறது. பாசிக்குடா வரை போகவேண்டிய அவசியம் இல்லை. பாசிக்குடாக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

2025 மே 4

தம்பி கடைசியாகக் கேட்டிருப்பது: "அப்படியானால் முதல் கடிதம் யாருக்கு?"

மருத்துவமனைப் பணிப்பாளருக்கும் சிறைச்சாலை அத்தியட்சகருக்கும் ஒரே கடிதம். அக்கா தனியாக எழுதினால் அது தனிப்பட்ட புலமைப்பரிசில் கோரிக்கையாகிவிடும். இருவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் அது நிறுவனத்தின் தேவையாகும். நிதி வழங்குபவர் முதலில் தேடுவதும் அதைத்தான். வெளிநாட்டுப் பணம் அரச நிறுவனத்துக்கு நேரே வருவதென்றால் அமைச்சின் செயலாளர் வழியாகத் திறைசேரியின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் வரை போக வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று பணத்தைப் பொறுப்பேற்பதாக இருந்தால் சற்று விரைவாகலாம். அப்போதும் சிறைக்குள் கால் வைக்கச் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தை முன்மொழிவு எழுதத் தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள், பணம் வந்த பிறகு கேட்காதீர்கள்.

குறிப்பில் மூன்று பேரின் பதவி இருக்கட்டும், பெயர் வேண்டாம்: சிறைச் சிகிச்சைப் பிரிவின் தாதிய உத்தியோகத்தர், வெளியே அனுப்பும் கடமைக்குப் பொறுப்பான ஜெயிலர், மருத்துவமனைக் கிளினிக் கிளையின் முகாமைத்துவ உதவியாளர். யார் இடமாற்றம் பெற்றாலும் பதவி அங்கேயே இருக்கும். பயிற்சியின் விளைவாக அவர்கள் கூட்டாக எழுதிக் கையளிக்க வேண்டியது ஒரு நடைமுறைக் கொப்பி: கிளினிக் திகதி வாரத்தின் எந்த நாள், வெள்ளி பின்னேரம் வருகிறவரிடம் கேட்கும் கேள்விகள், விடுதலையாகிறவரின் கையில் கொடுக்கும் தாள், பதில் ஆளை அழைக்கும் தொலைபேசி எண்.

பதில் ஆளுக்கான கொடுப்பனவை நிதி வழங்குபவர் வெட்டச் சொன்னால் மண்டபத்தையும் சாப்பாட்டையும் வெட்டிவிட்டு அந்த வரியைக் காப்பாற்றுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் வேறு நிதி வழங்குபவரைத் தேடலாம். பாதீட்டு மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. அக்காவின் பணிப்பட்டியலை அனுப்பினால் அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.